கொரம்புக்கு ஒரு பக்கம்

காவிரியில் தண்ணீர் குறைந்த நாட்களில் முக்கொம்புக்கு மேற்கே கொரம்பு போடுவார்கள். அகன்ற மணற்பரப்பில் எங்கோ ஒதுங்கி ஓடும் நீரை வாய்க்காலின் தலைப்புக்குத் திருப்புவதற்காக ஆற்றுக்குள்ளேயே கட்டும் தற்காலிகக் கரை அது. மணலைக் குவித்து, முளை அடித்து, தழையும் வைக்கோலும் திணித்துக் கட்டியது பழைய முறை. இப்போது மணல் மூட்டையும் பொக்லைனும் வந்துவிட்டன. ஆற்றில் வெள்ளம் வந்தால் கொரம்பு போய்விடும். அடுத்த முறை தண்ணீர் இறங்கும்போது மறுபடி போட வேண்டும். திருச்சி, கரூர் பக்கம் ஆற்று வாய்க்காலை நம்பி நடவு செய்பவருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் கடை வைத்திருப்பவருக்கோ, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டுப் போகிறவருக்கோ தெரியுமா என்றால் சந்தேகம்தான்.

இந்தக் கொரம்புக்குத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் தனிப் பதிவு தரலாமா?

பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். அங்கே இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஓர் ஆசிரியர் குழு இருந்தது, காகிதத்துக்கும் கணக்கு இருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அங்கே காகிதக் கணக்கு இல்லை, முடிவு சொல்லும் தலைமை ஆசிரியரும் இல்லை. அந்த இடத்தை ஒரு விதி நிரப்புகிறது. குறிப்பிடத்தக்கமை என்று அதற்குப் பெயர். ஒரு பொருள் முக்கியமானதா என்று அந்த விதி கேட்பதில்லை. அதோடு தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதியிருக்கின்றனவா என்றுதான் கேட்கிறது. போகிற போக்கில் பெயர் வந்தால் போதாது.

நான் இந்த விதியின் எதிரி இல்லை. அதுவும் கொரம்பு போன்றவை அடங்கும் சுற்றுச்சூழல் துறையில் இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. கருத்தரங்குக்கு ஒரு புதுச்சொல் பிறக்கும் துறை இது. சொல்லை உண்டாக்கியவர் ஒரு கட்டுரை எழுதுவார்; அவருடைய மாணவர் அதை மேற்கோள் காட்டி இன்னொன்று எழுதுவார்; தொண்டு நிறுவனம் ஒன்று துண்டறிக்கை போடும். கலைக்களஞ்சியத்திலும் ஏறிவிட்டால் நாளிதழ் அதைப் பார்த்து எழுதும். பிறகு அந்த நாளிதழையே கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகக் காட்டலாம். நம் ஊர்ப் பெருமைகளிலும் இதே சுற்று உண்டு. கல்லணையைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் கணக்குகளைச் சேர்த்து வைத்தால் கரிகாலனே கூச்சப்படுவான். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று சலிக்காமல் கேட்கிற ஒரு விதி இதற்கெல்லாம் மருந்து.

அதே விதியைக் கொரம்பின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள். இன்ன வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை, கொரம்பு அமைக்க வேண்டும் என்று குறைதீர்க்கும் கூட்டத்தில் விவசாயிகள் மனு கொடுத்தார்கள் என்பது போன்ற நான்கு வரிகள். கொரம்பு என்றால் என்ன என்பதற்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல். பிரிட்டிஷ் காலப் பாசன ஆவணங்களில் ஆங்கில எழுத்தில் இதே சொல் அங்கங்கே வருகிறது. அங்கும் அதற்குத் தனி அத்தியாயம் கிடையாது. விதியைக் கையில் வைத்திருப்பவர், போகிற போக்கில் சொன்னவை என்று இவற்றை ஒதுக்கிவிடலாம். அவர் விதியை மீறியதாக யாரும் குறை சொல்ல முடியாது.

கொரம்பு ஒழுங்காகப் போடப்பட்டால் அது செய்தி ஆகாது, போடாதபோதுதான் செய்தி. இதற்கு நேர் எதிரானது, முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த மேலணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் அந்தப் பக்கம் சாய, தஞ்சைக்குப் போகும் காவிரி மேடிட்டுக்கொண்டே வந்தது. அதைத் தடுக்க 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. மறுநாளே ஏடுகளில் அது பெரிய செய்தி. கட்டியவர் பெயரும், கட்டிய ஆண்டும், இடிந்த தேதியும் இருக்கின்றன. கலைக்களஞ்சியத்துக்கு வேறென்ன வேண்டும்? கொரம்புக்குக் கட்டியவர் பெயர் இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டு இல்லை. இடிந்து போவது அதன் இயல்பு, ஆகவே விபத்தும் இல்லை. சான்று கேட்கும் விதி, தன்னை அறியாமலே நிலையான கட்டடத்துக்கும் பெரும் விபத்துக்கும் பரிந்து பேசுகிறது.

வேறு ஓர் ஒப்பீடும் உண்டு. சொந்த ஊரிலேயே இருந்தும், அந்த ஊரின் நிலமும் நீரும் மாறிப்போவதைப் பார்த்து வரும் ஏக்கத்துக்கு ஆஸ்திரேலியத் தத்துவவாதி கிளென் ஆல்பிரெக்ட் 2000களின் தொடக்கத்தில் சோலஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். நல்ல சொல்தான். ஆய்விதழ்கள் அதை எடுத்துக்கொண்டதால் கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடம் கிடைத்தது. ஒருவர் உண்டாக்கிய சொல் உள்ளே வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரை ஊர்கள் புழங்கும் சொல், ஆய்விதழில் ஏறாததால் வாசலில் நிற்கிறது.

வாசலில் நிற்பது சான்றே இல்லாததாலா, தேடும் விதத்தாலா என்றும் கேட்க வேண்டும். குரங்கைக் கொரங்கு என்றும் குடத்தைக் கொடம் என்றும் சொல்வது நம் நாக்கு. அப்படியானால் கொரம்பு எழுத்தில் குரம்பு ஆக வேண்டும். அகராதியைப் புரட்டினால் குரம்பு இருக்கிறது: செய்கரை, அணை, எல்லை என்று பொருள். ஆற்றுக்குள் செய்து வைத்த கரையைத்தானே கொரம்பு என்கிறோம்! எழுத்து வழக்கின் கதவைத் தட்டாமல், பேச்சு வடிவத்தை மட்டும் தேடுபெட்டியில் இட்டுப் பார்த்துவிட்டுச் சான்று இல்லை என்று தீர்ப்பு எழுதினால், அந்தத் தீர்ப்பில் சோம்பலும் கலந்திருக்கிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள மொழியில் இது சின்னக் குறை இல்லை.

அச்சில் இல்லாததை வாய்மொழியிலிருந்து எடுக்கலாமே என்ற முயற்சியும் நடந்திருக்கிறது. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் முன்னின்று இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த திட்டத்தில் மலையாளம், இந்தி, செப்பெடி மொழி விக்கிப்பீடியாக்களுக்காக மக்கள் பேச்சைப் பதிவு செய்து சான்றாகக் காட்டினார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். கொரம்பு எப்படிக் கட்டுவது என்பதற்கு, அதைக் கட்டியவரைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் எந்த ஊருக்கு முதல் தண்ணீர் என்ற கேள்விக்கு மேல்மடைக்காரர் சொல்வதை மட்டும் பதிந்துகொண்டு வந்தால், கடைமடைக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

சரி, தனிப் பதிவு வேண்டாம், குடிமராமத்து என்ற கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம் என்பார்கள். குடிமராமத்துக்கு 1858ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 2017இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் வரை ஏராளமான எழுத்துச் சான்று உண்டு. ஆனால் அது ஊர் கூடிச் செய்யும் வேலையின் பெயர். கொரம்பு ஆற்றைக் கையாளும் ஒரு நுட்பத்தின் பெயர். வாய்க்காலின் வாயிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஆற்றுக்குள் நீட்டினால், குறைந்த நீரும் மட்டம் உயர்ந்து தலைப்பில் ஏறும். உய்யக்கொண்டான் வாய்க்கால் பிரியும் ஊருக்குப் பெயரே பெட்டவாய்த்தலை. வாய்க்கால் தலைப்பைத்தான் வாய்த்தலை என்பது. வெள்ளத்தோடு போய்விடுவதால் கொரம்பு மணலை நிரந்தரமாகத் தேக்காது, கீழே உள்ளவரின் நீரையும் என்றைக்குமாக மறிக்காது. குறையும் உண்டு: ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும், சச்சரவும் வரும். மணல் அள்ளி ஆற்றின் மட்டம் தாழத் தாழ, வாய்க்காலின் வாய் உயரத்தில் அந்தரமாக நிற்கிறது. முன்பு பருவத்துக்கான ஏற்பாடாக இருந்த கொரம்பு, இப்போது ஆறு நோயுற்றதற்கு அடையாளமாகவும் ஆகிவிட்டது. இவ்வளவையும் குடிமராமத்துக்கு அடியில் ஒரு பத்தியாக மடித்து வைக்க முடியாது.

ஆகவே என் முடிவு: தனிப் பதிவு தரலாம். விதியைத் தளர்த்த வேண்டியதில்லை. எண்ணும் முறையை மாற்றினால் போதும். ஒரே ஆண்டில் வந்த ஒரு நீண்ட கட்டுரையைவிட, ஆட்சிகள் மாறியும் மாறாமல் வந்துகொண்டிருக்கும் நூறு சிறு குறிப்புகள் வலுவான சான்று. பதிவு சிறியதாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் சான்று இருக்கட்டும். கட்டுவதைக் காட்டும் படம் ஒன்று சேரட்டும். முக்கொம்புக்கு மேற்கே வயல் வைத்திருப்பவர்கள் அடுத்த கொரம்பு போடும்போது கைப்பேசியில் எடுத்து வைத்தால் நல்லது.

தலைப்பு ‘கொரம்பு’ என்றே இருக்கட்டும். குரம்புதான் கொரம்பு என்று நான் மேலே சொன்னதை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நான் மொழியியலாளன் அல்லன். அது என் சொந்த ஊகம். இந்தக் கட்டுரையைச் சான்றாகக் காட்டி யாராவது சேர்த்தால், நீக்குபவர் பக்கம்தான் நான்.