ஜேம்ஸுக்குக் கதவைத் திறக்கலாமா?

'ஆகஸ்ட்' பாட்டின் பிரிட்ஜைச் சத்தமாக வைத்துக் கேட்காதவர்கள் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன். பாட்டு பாதியைத் தாண்டியபின், கடைசிப் பல்லவிக்கு முன்னால், மெட்டு திடீரென்று வேறு பக்கம் திரும்புமே, அதுதான் பிரிட்ஜ். பலர் அதை ஒப்புக்குப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் அந்த ஓர் இடத்துக்காகத்தான் முழுப் பாட்டையும் எழுதுகிறாரோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம். 'ஆகஸ்ட்'டில் அதுவரை மென்மையாக முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண், ஒருநாளும் தன்னுடையவனாக இல்லாத ஒருவனை நினைத்து மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கிறாள். காய்கறி நறுக்கும்போது அந்த இடம் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். அதைப் பாட எனக்குக் கை வேண்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டியவள் செய்கிற காரியமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் 'ஃபோக்லோர்'. 2020 ஜூலை 24 அன்று வந்தது. வந்த விதமே ஒரு கூத்து. அதற்கு முன்பெல்லாம் ஸ்விஃப்ட் ஆல்பம் என்றால் மாதக்கணக்கில் துப்புத் துலக்கும் வேலை நடக்கும். அவர் போட்ட புகைப்படத்தில் எத்தனை பனைமரம், வேலியில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருப்போம். இந்த முறை ஒன்றுமே இல்லை. நம் நேரத்துக்கு முந்தைய நாள் மாலை ஐந்தரை வாக்கில் அறிவிப்பு வந்தது, மறுநாள் காலை ஒன்பதரைக்கு 16 பாட்டும் கைக்கு வந்துவிட்டன. 'லவ்வர்' வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆல்பத்தின் அட்டையில் இளஞ்சிவப்பு மேகங்கள் மிதந்தன. இதில் கறுப்பு வெள்ளைக் காடு, ராட்சத மரங்கள், நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு பெண். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலை எழுத்தே வரவில்லை, வெறும் ஆச்சரியக்குறிகள்தான்.

ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது உருவான ஆல்பம் இது. 'லவ்வர்' ஆல்பத்துக்காகப் போட்ட பயணத் திட்டங்கள் ரத்தான நேரத்தில், 'தி நேஷனல்' இசைக்குழுவின் ஆரன் டெஸ்னரோடு தூரத்திலிருந்தே சேர்ந்து வேலை செய்யலாமா என்று ஸ்விஃப்ட் கேட்டிருக்கிறார். டெஸ்னர் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் தன் லாங் பாண்ட் ஸ்டூடியோவில் இருந்தார். அங்கிருந்து வரிகள் இல்லாத இசைத் துண்டுகளை ஒரு கட்டாக அனுப்பி வைத்தார். சில மணி நேரத்தில் ஒன்றுக்குப் பாட்டு எழுதி, குரலில் பதிவு செய்து திருப்பி அனுப்பிவிட்டார் ஸ்விஃப்ட். அதுதான் 'கார்டிகன்'. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டு பாடினார். 'எக்ஸைல்' பாட்டில் அடிவயிற்றிலிருந்து வருகிற ஆண் குரல் 'பான் ஐவர்' இசைக்குழுவின் ஜஸ்டின் வெர்னனுடையது. அவர் தன் பங்கை விஸ்கான்சினில் இருந்து அனுப்பினார். ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலேயே இப்படி ஒரு சண்டைப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஒருவர் சொல்லி முடிக்கும் முன் இன்னொருவர் மறுக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், இருவர் காதிலும் மற்றவர் சொல்வது விழவில்லை. பிரிந்துபோகும் கணவன் மனைவியை இதைவிட நன்றாக இசையில் காட்ட முடியுமா?

இசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரங்கத்தில் கை தட்ட வைக்கிற டிரம்ஸ் இங்கே இல்லை. பியானோ, கிடார், அடியில் நடுங்கிக்கொண்டே இருக்கும் ஒரு மெல்லிய துடிப்பு, அவ்வளவுதான். 'பீஸ்' பாட்டில் அந்தத் துடிப்பின் மேல் ஒரு பேஸ் கிடார் நடக்கிறது, அதற்கு மேல் அவர் குரல், வேறு அதிகம் எதுவும் கிடையாது. சிலர் இதைச் சோம்பலான இசை என்றார்கள். ஹெட்ஃபோன் போடாமல் கேட்டிருப்பார்கள் என்று மன்னித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2, 8, 14 என்று ஆறாறு பாட்டு இடைவெளியில் இந்த ஆல்பத்துக்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. 'கார்டிகன்', 'ஆகஸ்ட்', 'பெட்டி'. பள்ளிக்கூட வயதில் ஒரு முக்கோணக் காதல். ஜேம்ஸும் பெட்டியும் காதலர்கள். கோடை விடுமுறையில் ஜேம்ஸ் இன்னொரு பெண்ணோடு போய்விடுகிறான். விஷயத்தை ஊதிவிடுவதற்கு ஐனஸ் என்று ஒருத்தி. மூன்று பாட்டும் மூன்று பேர் வாயிலிருந்து வருகின்றன. 'கார்டிகன்' பல வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெட்டி. 'ஆகஸ்ட்' அந்தக் கோடைப் பெண். 'பெட்டி' என்ற பாட்டைப் பாடுவது பெட்டி அல்ல, பதினேழு வயது ஜேம்ஸ். அந்தப் பெண் காரை நிறுத்தி அவனை ஏறச் சொன்னது 'ஆகஸ்ட்'டிலும் வருகிறது, 'பெட்டி'யிலும் வருகிறது. ஒருத்திக்கு அது வாழ்நாள் நினைவு, அவனுக்கு அது வெறும் சாக்கு. இதை முதலில் கவனித்தபோது வீட்டில் தனியாகக் கத்தினேன்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டைக்குள் குடைந்தது. சங்க இலக்கியத்தின் மருதத் திணை! பரத்தையிடம் போன தலைவன் திரும்பி வந்து வாசலில் நிற்பான். உள்ளே விடலாமா வேண்டாமா என்று தோழி வாயில் மறுப்பாள். தலைவி ஊடுவாள். பரத்தையும் தன் பங்குக்கு ஒரு பாட்டில் பொரிந்து தள்ளுவாள். ஊரெல்லாம் அலர், அதாவது ஊர்ப்பேச்சு. எல்லாம் அப்படியே இருக்கிறது! 'கார்டிகன்' தலைவி கூற்று, 'ஆகஸ்ட்' பரத்தை கூற்று, 'பெட்டி' தலைவன் கூற்று. ஐனஸ்தான் அலர். ஜேம்ஸ் வந்து நிற்பதும் சாட்சாத் வாசலில்தான், பெட்டி வீட்டு விருந்தின்போது. ஸ்விஃப்ட் குறுந்தொகை படித்தார் என்று சொல்ல வரவில்லை. பெயரும் காரும் கார்டிகனும் ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்று பேரையும் பேசவிட்டு நடுவில் தான் வராமல் நிற்கிற அந்தக் கலை நமக்குப் புதிதில்லை என்கிறேன். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. இங்கே ஜேம்ஸுக்கும் பெட்டிக்கும் ஐனஸுக்கும்கூடப் பெயர் இருக்கிறது, அந்தக் கோடைப் பெண்ணுக்கு மட்டும் பாட்டில் பெயரே இல்லை. மனதுக்குள் அவளை அகஸ்டா அல்லது அகஸ்டீன் என்று நினைத்துக்கொள்வதாக ஸ்விஃப்ட் பிறகு ஒரு பேச்சில் சொன்னார். பாட்டில் அதைக் கொடுத்திருக்கலாம். என் மனக்குறை அது.

ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். அதுவரை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே கேள்விதான்: இது எந்தக் காதலனைப் பற்றியது? கண்ணதாசன் பாட்டைக் கேட்டதும் எந்தச் சொந்தக் கதையில் பிறந்தது என்று தேடுகிறவர்கள் நம்மூரிலும் உண்டு, அதனால் எனக்கு அந்த அரிப்பு புரியும். ஆனால் 'ஃபோக்லோர்' வந்த வாரம் எங்கள் குழுவில் ஒருத்தியும் அவருடைய பழைய காதலர்கள் பேச்சை எடுக்கவில்லை. ஜேம்ஸை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

"அவன் பதினேழு வயசுப் பையன் சித்தி, விட்டுடுங்க" என்றாள் அக்கா மகள். அவளுக்கும் அப்போது கிட்டத்தட்ட அந்த வயதுதான்.

"அந்த இன்னொரு பொண்ணுக்கு என்ன வயசாம்? அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா?" என்றேன் நான்.

நிஜமாகவே கேட்கவில்லை, பாட்டைப் போட்டுப் பாருங்கள். மொத்த மன்னிப்பும் பெட்டிக்கு. அந்தக் கோடைப் பெண்ணை அவன் நினைவில் வைத்திருப்பதே ஒரு குற்றச்சாட்டு மாதிரிதான் ஒலிக்கிறது. என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு வேறு கட்சி. ஜேம்ஸ் பையனே இல்லை, பெண் என்பாள். ஸ்விஃப்டுக்கு டெய்லர் என்ற பெயர் வந்ததே பாடகர் ஜேம்ஸ் டெய்லரால்தானே, அப்புறம் என்ன என்பது அவள் வாதம். பதினேழு வயதுப் பையன் என்று ஸ்விஃப்டே சொன்ன பிறகும் அவள் இறங்கி வரவில்லை. பாட்டு வெளியே வந்துவிட்டால் எழுதியவர் பேச்சும் ஓர் அபிப்பிராயம்தான் என்றாள். பெட்டியும் ஜேம்ஸும் கடைசியில் சேர்ந்துவிட்டதாகத் தன் மனதில் இருப்பதாக ஸ்விஃப்ட் சொன்னபோது மட்டும் நானும் அந்தத் தோழியின் கொள்கைக்கு மாறிக்கொண்டேன். 'பெட்டி'யின் முடிவில் சுருதி ஒரு படி ஏறுகிற அந்த நொடியில் எனக்கும் மனம் இளகத்தான் செய்கிறது. பாட்டு முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவேன்.

இரண்டாவது பொக்கிஷம் 3-வது பாட்டு, 'தி லாஸ்ட் கிரேட் அமெரிக்கன் டைனஸ்டி'. செயின்ட் லூயிஸில் பிறந்த ரெபெக்கா, ஸ்டாண்டர்ட் ஆயில் செல்வத்தின் வாரிசான வில்லியம் ஹார்க்னஸை மணந்து, ரோட் ஐலண்டில் வாட்ச் ஹில் கடற்கரையில் ஹாலிடே ஹவுஸ் என்ற மாளிகைக்கு வருகிறார். 1954-ல் கணவர் இறந்துவிடுகிறார். அதன்பிறகு ரெபெக்கா பணத்தைச் செலவழித்த விதம் அந்த ஊருக்கே வாய்க்கு அவல். ஹார்க்னஸ் பாலே என்று சொந்த நடனக் குழுவையே நடத்தினார். நீச்சல் குளத்தை ஷாம்பெயினால் கழுவினார், பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பச்சைச் சாயம் பூசினார் என்றெல்லாம் கதைகள் உண்டு. பாட்டில் பூனை நாயாகிவிட்டது. பூனை வளர்க்கிற ஸ்விஃப்ட் பூனையைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது எங்கள் குழுவின் ஏகமனதான தீர்ப்பு. ரெபெக்கா 1982-ல் இறந்தார். சாம்பல் வைக்க சால்வடார் டாலி வடிவமைத்த கலசம்! அது பாட்டில் இல்லை, நான் தேடிப் படித்தது.

இதையெல்லாம் மூன்றாம் மனிதரின் கதையாக, நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த வீட்டை வாங்கியது நான்தான் என்று திரும்புகிறார் பாருங்கள், அங்கே எனக்குச் சிலிர்த்துவிட்டது. 2013-ல் அந்த வீட்டை வாங்கியது ஸ்விஃப்ட். பணமும் வாயும் உள்ள பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்பதை ஒரு செத்துப்போன பெண்மணியைச் சொல்லித் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். நாலு நிமிடம்கூட இல்லை அந்தப் பாட்டு. ஒரு நாவலுக்கான சரக்கு.

13 ஸ்விஃப்டுக்கு ராசி எண். 13-வது இடத்தில் 'எபிஃபனி'யை வைத்திருக்கிறார். முதல் பாதி, 1942-ல் குவாடல்கனால் தீவில் தரையிறங்கிய அவருடைய தாத்தா டீன். இரண்டாம் பாதி, கொரோனா வார்டில் நிற்கும் நர்சுகளும் டாக்டர்களும். இரண்டு போர்முனையையும் ஒட்டவைக்கும் அந்த நீண்ட, கரைந்துபோகும் இசையை 2020-ல் கேட்டபோது ஒருமுறைக்கு மேல் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவிலும் கொரோனாவுக்காகத் தகரம் அடித்த வீடுகள் இருந்த நாட்கள் அவை. டிசம்பரில் தங்கை ஆல்பம் 'எவர்மோர்' வந்தது, அதன் 13-வது பாட்டு பாட்டி மார்ஜரி பற்றியது. தாத்தாவுக்கு ஒரு 13, பாட்டிக்கு ஒரு 13. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'மை டியர்ஸ் ரிக்கோஷே' தன் இறுதிச் சடங்குக்குத் தன்னை அழித்தவனே வந்து நிற்பதைப் பார்க்கும் ஆவியின் பாட்டு, பயங்கரம். 'மிரர்பால்' இனிப்பு. 'இல்லிசிட் அஃபேர்ஸ்' கடைசி ஒரு நிமிடத்துக்காகவே. 'செவன்' கேட்டால் சின்ன வயதுத் தோழிகளைத் தேடி நம்பர் கேட்டு அலைவீர்கள். 'மேட் உமன்' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, கோபம் கொஞ்சம் எழுதிவைத்துப் படித்தது போல இருக்கிறது. இதைச் சொன்னதற்குக் குழுவில் என்னோடு ஒரு வாரம் பேச்சில்லை.

2021 மார்ச்சில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி 'ஃபோக்லோர்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. அந்த விருதை மூன்று முறை வென்ற முதல் பெண் ஆனார் ஸ்விஃப்ட். 'ஈராஸ்' இசைப்பயணம் இந்தியாவுக்கு வரவில்லை, படம்தான் வந்தது. அக்கா மகளும் நானும் போனோம். மேடையில் பாசி படர்ந்த மரவீடு வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. 'பெட்டி' வந்தது, 'ஆகஸ்ட்' வந்தது. 'கார்டிகன்' வரவில்லை! திரையரங்குப் பதிப்பில் அதை வெட்டியிருந்தார்கள். தலைவன் பேசலாம், பரத்தை பேசலாம், தலைவி வாயை மட்டும் அடைத்துவிட்டார்கள். பிறகு வீட்டுத்திரைப் பதிப்பில் சேர்த்தார்கள், அது வேறு.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2, 8, 14 என்ற வரிசையிலேயே கேட்க வேண்டும் என்பாள் அக்கா மகள். நம்பாதீர்கள். 8-ல் தொடங்குங்கள். பெயரில்லாதவள் பக்கம் முதலில் நின்று கேட்டால்தான் ஜேம்ஸ் எவ்வளவு இனிமையாகப் புளுகுகிறான் என்பது தெரியும். 16 பாட்டோடு நிற்கிற பதிப்பையும் வாங்கிவிடாதீர்கள். வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த இங்கிலாந்தின் ஏரிப் பகுதியைப் பற்றிய 'தி லேக்ஸ்' 17-வது பாட்டாக டீலக்ஸ் பதிப்பில்தான் இருக்கிறது.