பியானோவுக்குத் தோடி வராது

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் 'பியானோ வகுப்பு' என்று போர்டு பார்த்தால், உள்ளே பெரும்பாலும் இருப்பது கீபோர்டு. தப்பில்லை. நிஜப் பியானோவில் 88 கட்டைகள், உள்ளே இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். அத்தனையின் இழுவிசையையும் கூட்டினால் 15 டன்னைத் தாண்டும். காவிரிக் கரையின் ஐப்பசி ஈரத்தில் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கீபோர்டுக்குக் கரன்ட் இருந்தால் போதும்.

என் புகார் வாத்தியத்தின் மேல் இல்லை. சொல்லிக்கொடுக்கும் விதத்தின் மேல். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய இசை தஞ்சாவூருக்குப் புதுசு இல்லை. 1798 முதல் 1832 வரை மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். ஐரோப்பிய வாத்தியங்களோடு ஒரு பேண்டு வைத்திருந்தார். அவர் காலத்து இசைத் தாள்கள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. திருவாரூரில் பிறந்த பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் யானைத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி அபூர்வம்.

பியானோ மட்டும் ஏன் மேடை ஏறவில்லை?

காரணம் எளிது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அப்புறம் அந்த ஸ்வரத்தை உங்களால் அசைக்க முடியாது. வயலினில் விரலைச் சறுக்கலாம், வீணையில் தந்தியை இழுக்கலாம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமே இல்லை. அது ஓர் ஊஞ்சல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடி கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரில் இருந்துகொண்டு 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் அல்ல, 24 என்று வாதாடினார். பியானோவில் இருப்பது 12. இடைவெளியில் இருப்பதற்குக் கட்டை இல்லை. (கீபோர்டில் ஒரு சக்கரத்தைத் திருப்பிக் கமகம் கொண்டுவருகிற சமர்த்தர்கள் உண்டு. அது கீபோர்டின் வித்தை, பியானோவுடையது அல்ல.)

இதே சிக்கல் ஐந்து கோட்டு நொட்டேஷனுக்கும் வந்தது. சின்னசாமி முதலியார் என்பவர் 1892-ல் சென்னையில் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய நொட்டேஷனில் அச்சடிக்க ஆரம்பித்தார். எழுதாமல் விட்டால் காணாமல் போய்விடும் என்ற கவலை அவருக்கு. அவருடைய தூண்டுதலில்தான் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர் இறங்கி, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. ஆனால் அதில் நம் ஸ ரி க ம. ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளம். வெளியிலிருந்து வந்த யோசனை, நம் காதுக்குத் தகுந்தாற்போல மாறியது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இசைப் பாடம் இல்லை.

இப்போது நம் வகுப்புகளுக்கு வருவோம். லண்டன் போர்டுகளின் பரீட்சைகளில் எட்டு கிரேடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பீஸ் வாசிக்க வேண்டும். பல வீடுகளில் நடப்பது இதுதான்: வருஷம் முழுக்க அந்த மூன்றையே திரும்பத் திரும்ப வாசித்து, பாஸ் பண்ணி, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி, அடுத்த கிரேடு. அஞ்சாம் கிரேடு முடித்த பையனிடம் "ரேடியோவில் போகிற பாட்டை வாசிடா கண்ணா" என்றால் முழிக்கிறான். பத்தாம் வகுப்பு வந்ததும் கீபோர்டு பரண் ஏறுகிறது. பரீட்சையைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டுச் சொல்வது, பார்த்தவுடன் வாசிப்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. அவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது நாம்தான்.

பியானோவுக்குத் தோடி வராது, சரி. வருவது என்ன? இரண்டு கை இரண்டு வேலை செய்வது. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒரு நிறம் கொடுப்பது. நம் சங்கீதத்தில் இல்லாத அந்தச் சமாசாரத்துக்காகத்தான் அதைக் கற்க வேண்டும். சிக்கில் குருசரண் பாட, அனில் ஸ்ரீநிவாசன் பியானோ வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். பியானோ குரலைக் காப்பியடிக்க முயல்வதில்லை. பின்னால் வானம் மாதிரி விரிகிறது. அசைவெல்லாம் பாட்டுக்காரர் பொறுப்பு.

'எனக்கு வயசாயிடுச்சே' என்கிறவர்களுக்கு: இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ கற்கப் போனபோது வயது இருபத்தைந்தை ஒட்டி. கிரேடு பரீட்சைகளுக்கும் வயது வரம்பு கிடையாது. ரிட்டயரான பிறகு சேர்கிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவரை யாரும் அடுத்த கிரேடுக்குத் துரத்த மாட்டார்கள். வாசிக்கிற சந்தோஷத்துக்காக மட்டும் வாசிக்கலாம். இந்த சலுகை எட்டு வயசுக் குழந்தைக்கு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

அடுத்த முறை ஃபீஸ் கட்டும்போது மாஸ்டரிடம் 'எப்போ அடுத்த கிரேடு?' என்று கேட்காதீர்கள். 'பரீட்சையில் இல்லாத எதையாவது இந்த மாசம் வாசித்தானா? கேட்ட பாட்டைத் தானாகத் தேடிப் பார்த்தானா?' என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தால், நீங்கள் கொடுத்த ஃபீஸ் சர்டிஃபிகேட்டுக்குத்தான்.