போடிமெட்டில் ஒற்றை கியர்

பழைய எம்.டி.பி. (மலைவண்டி) சைக்கிளின் கியர்களைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் என்று ஆக்கிப் பந்தயத்தில் இறக்கும் யோசனை வெளிநாடுகளில் ஒரு சின்ன மதமாகவே வளர்ந்திருக்கிறது. எடை குறையும், பழுது குறையும், ஓட்டுபவரின் கால் உரமேறும் என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எந்தச் சாலையில், எந்தப் பந்தயத்துக்கு என்று கேட்காமல் இந்தக் காரணங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் வைத்துக் கேட்டால் விடை கொஞ்சம் சங்கடமாகத்தான் வருகிறது.

முதல் சங்கடம், நம் ஊரில் ‘எம்.டி.பி.’ என்று விற்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியரே கிடையாது. ஹீரோ ரேஞ்சரும் ஹெர்குலிஸ் எம்.டி.பி.யும் தடித்த டயர், நேர் ஹேண்டில்பார், பளிச்சென்ற பெயின்ட் என்று மலைவண்டி வேஷம் கட்டிய ஒற்றை கியர் வண்டிகள். அவற்றை மாற்ற ஒன்றுமில்லை. ஓவராயில் செய்து ஓட்ட வேண்டியதுதான். ஆகவே இந்த விவாதம் பின்னால் ஆறேழு பல்சக்கரம், முன்னால் மூன்று வட்டு என்று பதினெட்டோ இருபத்தொன்றோ கியர் உள்ள வண்டிகளைப் பற்றியது.

அப்படி ஒரு வண்டியைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் கடைக்காரர் கேட்கும் கேள்வி எதிர்பார்க்கக்கூடியதே: “கியர் வேணாம்னா கட்டவண்டியே வாங்கிக்கலாமேண்ணே, இத எதுக்குப் பிரிக்கிறீங்க?” கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. பழைய எம்.டி.பி.யில், கட்டைவண்டி என்று சொல்லும் சாதாரணச் சைக்கிளைவிட நல்ல பிரேக் இருக்கிறது. மண்ணில் பிடிக்கும் டயரும், நின்று மிதிக்க வாகான ஹேண்டிலும் இருக்கின்றன. இந்த மூன்றும் தேவைப்படும் பந்தயம் என்றால் மாற்றுவதில் பொருள் உண்டு. மூன்றும் தேவையில்லை என்றால் கடைக்காரர் சொல்வதே சரி.

பந்தயம் என்று எதைச் சொல்கிறோம்? தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் நிஜமாகவே கலந்துகொள்ளும் சைக்கிள் பந்தயம், செப்டம்பர் 15ஐ ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. தூரம் 10 முதல் 20 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டியில்தான் வர வேண்டும் என்பது அறிவிப்பில் தவறாமல் வரும் நிபந்தனை. ஒற்றை கியரை நேர்த்திக்கடன் போல ஏற்றுக்கொள்ளும் மேல்நாட்டு ரசிகருக்கு இது வியப்பாக இருக்கும். நம் ஊரில் அது சட்டம். அரசுப் பள்ளியில் கிடைத்த விலையில்லா சைக்கிளும் பணக்கார வீட்டுச் சைக்கிளும் ஒரே கோட்டில் நிற்பதற்கான சட்டம்.

அப்படியானால் மாற்றிய எம்.டி.பி.க்கு அங்கே சாதகமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒற்றை கியர்க்காரர்கள் 26 அங்குலச் சக்கரத்துக்கு மந்திரம்போல் சொல்லும் அளவு 32க்கு 16 (முன்னால் 32 பல், பின்னால் 16), அதாவது இரண்டுக்கு ஒன்று. ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 4.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர். முன்னால் 44, பின்னால் 18 பல் உள்ள சாதாரணக் கட்டைவண்டி அதே 90 மிதியில் 27 கிலோமீட்டரைத் தாண்டும். வீரபாண்டியிலிருந்து சின்னமனூர் நோக்கித் தார்ச்சாலையில் இரண்டையும் விட்டால், ஆசையாசையாய் மாற்றிய வண்டி பள்ளிக்கூடச் சைக்கிளிடம் தோற்கும். அந்த 32க்கு 16 காட்டுப்பாதைக்காகப் பிறந்த அளவு, நெடுஞ்சாலைக்கு அல்ல. வேறு ஊரின் அளவை அப்படியே எடுத்து மாட்டுவதுதான் இந்த மாற்றத்தில் அதிகம் நடக்கும் பிழை.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 42 பல் பெரிய வட்டைப் பயன்படுத்தினால்? பின்னால் 18 போட்டால் மிதிக்கு 4.8 மீட்டர், 90 மிதியில் 26 கிலோமீட்டர். கட்டைவண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஆனால் இங்கே பட்டறைச் சிக்கல் தொடங்குகிறது. மலிவான கிராங்கில் மூன்று வட்டுகளையும் ரிவெட் அடித்துச் சேர்த்திருப்பார்கள்; வேண்டாததைக் கழற்ற முடியாது. பெரிய வட்டு வெளிப்பக்கம் தள்ளி நிற்கும். பின்னால் மரையில் திருகும் ஒற்றை ஃப்ரீவீலோ ஹப்பை ஒட்டி உட்பக்கம் உட்காரும். செயின் கோணலாக ஓடும். எழுந்து நின்று மிதிக்கும் வேகத்தில் கழன்றுகொள்ளும். இதற்கு மருந்து உண்டு. பின் ஆக்சிலின் வலப்பக்கத்து வாஷர்களை இடப்பக்கம் மாற்றி, ஹப்பை வலப்புறம் நகர்த்தி, ரிம் மறுபடி நடுவில் நிற்கும்படி ஸ்போக்குகளை இழுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். இருபக்க ஸ்போக்கும் ஏறத்தாழ ஒரே சாய்வுக்கு வருவதால் சக்கரம் முன்னைவிட உறுதிப்படும். இந்த மாற்றத்தில் கிடைக்கும் லாபங்களில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று இதுதான். விந்தை என்னவென்றால், இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எடையைப் பற்றியே பேசுகிறார்கள்.

எடையைப் பார்ப்போம். செயினை வட்டுக்கு வட்டு மாற்றும் டிரெய்லர் (derailleur) இரண்டு, ஷிஃப்டர், கேபிள், பல்லடுக்கு எல்லாம் போனால் ஒரு கிலோ அளவு குறையலாம். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 16 கிலோ என்றால் மொத்தத்தில் 1.3 சதவீதம். போடிமெட்டுக்கு ஏற இரண்டு மணி நேரம் பிடிக்கும் ஒருவருக்கு மிச்சமாவது ஒன்றரை நிமிடம். வாட்டர் பாட்டிலை நிரப்பாமல் புறப்பட்டாலே அது கிடைத்துவிடும்.

ஆனால் அந்த மலையேற்றம் எதைக் கேட்கிறது என்பதுதான் மையக் கேள்வி. போடியிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை சராசரியாக ஐந்து சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். நடு வட்டான 34ஐயும் பின்னால் 18ஐயும் வைத்தால், அந்தச் சரிவில் மிதியில் சராசரியாக 17 கிலோ எடையளவு அழுத்தம் வேண்டும். இது ஆகாத காரியமில்லை. நிமிடத்துக்கு நாற்பது மிதியாகக் குறைந்தாலும் ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். பேச்சு மாறுவது வளைவின் உட்புறத்தில். சரிவு பத்து சதவீதத்தைத் தொட்டால் சராசரி அழுத்தம் 30 கிலோ. பெடல் முன்னால் நேராக நிற்கும் கணத்தில் அது ஏறக்குறைய இரு மடங்கு, 60 கிலோ. ஓட்டுபவரின் முழு உடம்பும் அவ்வளவுதான். அதாவது ஒவ்வொரு மிதிக்கும் ஆளே பெடலில் ஏறி நிற்க வேண்டும். 42க்கு 18 என்றால் முழு உடம்பும் போதாது; ஹேண்டிலை இழுத்துத் தொங்க வேண்டும். கழற்றி எறியச் சொல்கிறார்களே, அந்தப் பழைய 24க்கு 28, அதே இடத்தில் 14 கிலோ அழுத்தத்தில் ஏறிவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் ஆறேழு கிலோமீட்டரிலும் இதே கதை.

அக்காலத்து வீரர்கள் கியர் இல்லாமலே மலை ஏறினார்களே என்ற வாதம் இங்கே வரும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டிரெய்லரை அனுமதித்தது 1937இல்தான். அதுவரை அமைப்பாளர் ஆன்ரி டெகிரான்ஜ் அதை ஆண்மைக் குறைவாகவே பார்த்தார். ஆனால் பிரனீஸ் மலையடிவாரத்தில் அந்த வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டினார்கள். மறுபக்கத்தில் மலைக்கென்று பெரிய பல்சக்கரம் இருந்தது. ஒரே பல்சக்கரத்தை நம்பி அவர்களும் மலை ஏறவில்லை. வரலாற்றின் பெயரால் சொல்லப்படும் இந்த வீரம் பாதி கற்பனை.

பழுது குறையும் என்ற வாதம் இதைவிட வலுவானது. ஐப்பசி மழையில் வயல்வரப்போர வண்டிப்பாதையில் ஓட்டினால் சேறு டிரெய்லரின் குட்டிச் சக்கரங்களுக்குள் அப்பிக்கொள்ளும். ஒற்றை கியருக்கு அந்தத் தொல்லை இல்லை. முல்லைப்பெரியாறு தண்ணீர் பாயும் கால்வாய்க் கரைகள், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைகள், தென்னந்தோப்பு ஓரங்கள் — மேடு பள்ளம் அதிகமில்லாத, மண்ணும் சேறும் நிறைந்த இந்தத் தடங்களுக்கு 34க்கு 18 கச்சிதம். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் யாராவது ஒரு மண்பாதைப் பந்தயம் வைத்தால் அங்கே இந்த வண்டி நல்ல வண்டி. மலைக்காட்டுத் தடம் என்ற கனவை மட்டும் விட்டுவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு வனப்பாதைகளில் கெடுபிடி அதிகம். மலைவண்டிக்கு மிச்சமிருக்கும் மலை பெரும்பாலும் தார்ச்சாலைதான்.

சமவெளியிலும் ஒரு எதிரி இருக்கிறது: காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் தேனியிலிருந்து கம்பம் நோக்கி மிதிப்பவருக்கு நேர்முகக் காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில். போகும்போது பெரிதாகவும் வரும்போது சிறிதாகவும் தெரியும் ஒரே கியர், இரண்டு திசையிலும் தவறான கியர். செப்டம்பர் பந்தயத்துக்குள் காற்று கொஞ்சம் தணியும் என்பது ஆறுதல்.

வண்டியின் சட்டத்தைப் (ஃபிரேம்) பற்றியும் பேச வேண்டும். பின் ஆக்சில் உட்காரும் காடி கிடைவாட்டில் இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கிக்கொள்ளலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். காடி செங்குத்தாக இருந்தால் செயினை இறுக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் ஒன்று மாட்ட வேண்டும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரெய்லரின் தம்பியை மாட்டுவது! சேறு அதிலும் அப்பும். எடை, பழுது என்ற இரண்டு காரணங்களும் அந்த இடத்திலேயே செத்துப்போகின்றன.

என் தீர்ப்பு இது. கிடைக் காடி, மரை ஹப் உள்ள பழைய வண்டி, 20 கிலோமீட்டருக்குட்பட்ட பள்ளத்தாக்குப் பந்தயம் — இவை சேர்ந்தால் மாற்றலாம். தார்ச்சாலைக்கு 42க்கு 18, மண்ணுக்கு 34க்கு 18. அண்ணா போட்டிதான் குறி என்றால், மாற்றிய எம்.டி.பி.யைச் ‘சாதாரண மிதிவண்டி’யாக ஏற்பார்களா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். செங்குத்துக் காடி வண்டியை மாற்றக் கூடாது. போடிமெட்டும் குமுளியும் மேகமலைச் சாலையும் நோக்கமானால் மாற்றவே கூடாது.

அந்த ஏற்றக்காரர்களுக்குப் பாதி மாற்றம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பரிந்துரைப்பேன். முன் டிரெய்லரையும் இடக்கை ஷிஃப்டரையும் எடுத்துவிட்டு, சின்னதாக ஒரே வட்டு போட்டு, பின்னால் உள்ள ஏழையும் அப்படியே விடுவது. 2023 அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி நடந்ததே, அந்தத் தரத்துப் பந்தய வண்டிகளும் முன்னால் ஒரே வட்டோடுதான் வருகின்றன. பின்னால் பன்னிரண்டு பல்சக்கரம். கோணலாகும் கேபிளும் வட்டுக்கு வட்டு தாவும் செயினும்தானே பாதித் தொல்லை, அது இதிலேயே தீர்ந்துவிடும். முன்னால் 30, பின்னால் 28 என்றால் பத்து சதவீதச் சரிவில் மிதிக்கு 17 கிலோ அழுத்தம் போதும். ரிவெட் கிராங்கை மட்டும் மாற்ற வேண்டிவரும். அதுபோக மிஞ்சும் காசை பிரேக் கட்டைக்கும் புது கேபிளுக்கும் போட வேண்டும். போடிமெட்டிலிருந்து முந்தல் வரைக்குமான இறக்கத்தில் கியர் எத்தனை என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.