காய்ந்த பூவுக்கும் ஒரு தவணை

உலர்மலர்க் கொத்து வாங்குகிறவருக்குக் கடையில் சொல்லப்படும் முதல் வாக்குறுதி, ‘வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்’ என்பது. இந்த அலங்காரத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனாலேயே இந்த வாக்குறுதியோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. செடி காய்ந்த பிறகும் நெடுநாள் தங்குவது அதன் வடிவம்தான், நிறம் தங்குவதில்லை. வணிகமோ நிறத்தைத் தக்கவைக்கப் பாடுபட்டு வடிவத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் பூக்களையே எடுத்துக்கொள்வோம். மல்லிகை, முல்லை இதழ்கள் மெல்லியவை, நீர்ச்சத்து நிறைந்தவை. ஓர் இரவுக்குள் பழுப்பேறிச் சுருண்டுவிடும். சிவப்பு ரோஜா கறுத்து இறுகும். வாடாமல்லி வேறு ரகம். அதில் நாம் பூ என்று பார்ப்பது பெரும்பாலும் பூவைச் சுற்றியுள்ள செதில்களை. செடியில் இருக்கும்போதே அவை காகிதம்போல் உலர்ந்தவை. பறித்துத் தலைகீழாகக் கட்டி, வெயில் படாமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் உருக்குலையாது. கோழிக்கொண்டையும் அப்படியே. செண்டுமல்லி சுருங்கும், ஆனால் மஞ்சள் ஓரளவு தங்கும். மகிழம்பூ கண்ணுக்குப் பழுப்பாகிப் போனாலும் மணம் போகாது. அலமாரியில் புடவைகளுக்கு நடுவே அதை வைத்த பெண்கள், பூவை எதற்காகக் காயவைக்க வேண்டும் என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

பூக்களைவிடக் காய்களும் நெற்றுகளும் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். தாமரைக் காயின் துளைகள், வெடித்த பருத்திக் காய், வாகை நெற்று, பனம்பாளை, சோளக்கதிர் ஆகியவை இயற்கையிலேயே காய்ந்து முடிவதற்காக வளர்ந்தவை. அவற்றில் வாடல் என்ற குறையே தெரியாது. ஒரு மண்ஜாடியில் நாலு தாமரைக் காயும் இரண்டு வாகைக் கிளையும் வைத்தால் அந்தச் சுவருக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

இந்தத் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் உலர்மலர் வணிகத்தின் பெரிய மையங்கள் இரண்டு: ஒன்று கொல்கத்தா, மற்றது தூத்துக்குடி. உப்பளத்தில் உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும் இங்கே பூவையும் காயையும் உலர்த்துகின்றன; துறைமுகமும் பக்கத்திலேயே. இந்திய மலர் ஏற்றுமதியில் கொய்மலர்களைவிட உலர்மலர்களும் உலர்ந்த தாவரப் பொருள்களுமே நெடுங்காலமாகப் பெரும்பங்கு வகித்து வருகின்றன. தரம் பிரிப்பதிலும் நறுக்குவதிலும் கட்டுவதிலும் உழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓசூர்ப் பக்கத்து ரோஜா வெளிநாடு போக வேண்டுமானால் குளிர் அறை, குளிர்பதன வண்டி, விமானம் எல்லாம் வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாளில் குப்பைக்குப் போகிறது. உலர்ந்த கொத்து அட்டைப்பெட்டியில் கப்பலேறிவிடும். இதன் பலங்களில் முதன்மையானதாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் அந்தப் பலத்தில் பெரும்பங்கு வெளுப்புத் தொட்டியில் கரைந்துவிடுகிறது. சந்தையில் இன்று கேட்கப்படுவது பால்வெள்ளை, இளஞ்சிவப்பு, சாம்பல்நீலம். காய்ந்த செடி எதுவும் தானாக அந்த நிறத்துக்கு வருவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, சோடியம் குளோரைட் போன்றவற்றில் ஊறவைத்து வெளுக்கிறார்கள். பிறகு செயற்கைச் சாயத்தில் தோய்க்கிறார்கள். செடிக்குப் பழுப்பு நிறத்தைத் தருவதில் பங்குள்ள லிக்னின்தான் அதன் தண்டுக்கு விறைப்பையும் தருகிறது. வெளுப்பு லிக்னினைக் கரைக்கும்போது விறைப்பும் சேர்ந்து போகிறது. அழகான வெள்ளைப் புல்கொத்து சில மாதங்களில் தொட்டால் உதிர்வதற்குக் காரணம் இதுதான். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் கெடுவது அந்த ஊரின் நிலத்தடி நீர். இத்தனைக்குப் பிறகும் அதன்மேல் ‘இயற்கைப் பொருள்’ என்று அச்சிடுவதை நேர்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கிளிசரினில் பதப்படுத்தும் முறை இதைவிட மேல். தண்டின் நீர் இருந்த இடத்தைக் கிளிசரின் பிடித்துக்கொள்வதால் இலை வளைந்து கொடுக்கும், நொறுங்காது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் கிளிசரின் அதை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் இதை மறந்துவிடக்கூடாது.

ஈரம் என்றதும் நம் வீடுகளின் நிலையைப் பேசியாக வேண்டும். உலர்மலர் பற்றிய குறிப்புகள் பலவும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த கொத்து ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சை பிடிக்கும். மல்லித்தூளிலும் மஞ்சளிலும் வரும் அதே சிறிய பழுப்பு வண்டு இதிலும் துளை போடும். கூடத்து ஜாடியில் தொடங்கி அடுக்களை டப்பா வரைக்கும் அது வந்துவிடும். ஜன்னலோரம் வைத்தால் நிறம் வெளிறும். தூசியைத் துடைக்கவும் வழியில்லை, துடைத்தால் உதிரும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் படுக்கையறையில் வைக்கவே கூடாது. குத்துவிளக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதும் ஆபத்து.

கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செடிகள் இன்றும் தாளில் ஒட்டியபடி இருக்கின்றன. மூடிய அலமாரி, இருட்டு, பூச்சித் தடுப்பு, யாரும் அவசியமின்றித் தொடாத ஒழுங்கு எல்லாம் சேர்ந்தே அவற்றைக் காக்கின்றன. அங்கேயும் பூக்கள் பழுப்பாகத்தான் இருக்கின்றன. மின்விசிறி ஓடும் கூடத்தில் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

‘காய்ந்த பூ வீட்டில் இருக்கலாமா?’ என்று பெரியவர்கள் கேட்பதையும் ஒதுக்கிவிடக் கூடாது. சாமி படத்தில் வாடிய பூவை மறுநாள் களைகிறோம். அது நிர்மால்யம், பூசைக்குரிய ஒழுங்கு. வீட்டு அலங்காரம் முழுவதற்கும் அந்த விதி பொருந்தியதில்லை. பண்டிகைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் நிலைப்படியிலேயே காய்ந்து கிடக்கிறது. குமரிப் பக்கம் நிறைபுத்தரிசி நாளில் கோயிலில் வாங்கிவந்த நெற்கதிர் வாசலில் தொங்குகிறது. கொங்குநாட்டில் போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் பூளையும் ஒன்று. பூத்திருக்கும்போதே பஞ்சாய் வெளுத்திருக்கும் அந்தக் கதிர் காய்ந்தாலும் தோற்றம் மாறாது. கூரையோரத்தில் அது மாதங்கள் கிடக்கும். அடுத்த போகிக்குப் புதுக்கொத்து ஏறும். உலர்மலர் அலங்காரத்தில் நான் தேடும் ஒழுங்கு இதில் முழுமையாக இருக்கிறது: பக்கத்து நிலத்துச் செடி, சாயமில்லாத நிறம், வந்துபோகும் ஒரு தவணை.

இப்போது எல்லாப் படங்களிலும் தெரியும் பாம்பாஸ் புல்லை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். தென் அமெரிக்கப் புல் அது. கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் காட்டை ஆக்கிரமிக்கும் களையாகிவிட்டது. நம் ஆற்றோரங்களில் நாணல் அதே வெள்ளைக் கதிரோடு நிற்கிறது. நாணலை விட்டுவிட்டு விலைகொடுத்துப் பாம்பாஸ் புல்லை வாங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெளுக்காத, சாயமேற்றாத கொத்தை ஓராண்டு வைத்துவிட்டு, மழைக்காலத்துக்கு முன்பே எருக்குழியில் போட்டுவிடலாம். சாயமும் பளபளப்புப் பூச்சும் ஏறியதை அப்படிப் போட முடியாது, எரிக்கவும் கூடாது. ஆகவே தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களிடமும் நம் ஊர்க் கடைக்காரர்களிடமும் நான் கேட்பது ஒரு சீட்டு: இது எந்தச் செடி, எங்கே சேகரித்தது, வெளுத்ததா, சாயமேற்றியதா. அந்த விவரம் கொத்தின் காம்பில் கட்டியிருந்தால், பழுப்பு நிறத் தாமரைக் காயைத் தேர்ந்தெடுக்கும் வீடுகள் இங்கே நிறையவே இருக்கும்.