ஜெபத்துக்கு முன்பே எடுத்த முடிவு

கர்த்தருக்குக் காத்திருப்பதைப் பற்றிய பிரசங்கங்கள் பெருகிவிட்டன. அவசரப்படாதே, அமைதலாக இரு, அவர் பேசுவார் என்கிறார்கள். வேலை, வீடு, வெளிநாடு, கல்யாணம் என எல்லாவற்றுக்கும் இதுவே வழியாம். இதில் நன்மை இல்லாமல் இல்லை. விடியற்காலையில் வேதத்தோடு அரைமணி நேரம் உட்காருகிறவர் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதமாட்டார். கடன் வாங்கி நிலம் வாங்குமுன் ஒருமுறை யோசிப்பார். அலைபாயும் மனம் அடங்குவது பெரிய காரியம்தான்.

ஆனால் எதைக் குறித்துக் காத்திருக்கிறோம், எதைக் குறித்துக் காத்திருக்க மறுக்கிறோம்?

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். வரனின் பயோடேட்டா வந்ததும் அதை வேதாகமத்துக்குள் வைத்து, "ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். சில வீடுகளில் உபவாசம் இருப்பார்கள். அன்றைய வேதபகுதியில் ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடுவார்கள். சில வாரங்கள் கழித்து, "சமாதானம் இல்லை" என்று பதில் போகும். பக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த வேதாகமத்துக்குள் இடம்பெறும் தாள்கள் எல்லாமே சொந்தச் சாதியிலிருந்து வந்தவை. மற்றவற்றை ஜெபமில்லாமலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம். படிப்பையும் சம்பளத்தையும் குறித்துத் தேவசித்தம் தேடுகிற குடும்பம், சாதியைக் குறித்து மட்டும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள், விலகியும் போனார்கள். அவர்களோடு வாதாடவாவது முடிந்தது. "கர்த்தர் எனக்குச் சமாதானம் தரவில்லை" என்பவரோடு யார் வாதாடுவது?

குற்றம் காத்திருப்பதில் இல்லை, காத்திருப்பவரிடம்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. காத்திருப்பவரின் மன உணர்வையே ஒரே சாட்சியாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தில், அந்த உணர்வு பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆளில்லை. சொந்தக்காரர்களோடு சண்டை வராது என்ற நிம்மதியும் உள்ளுக்குள் சமாதானம் போலவேதான் இருக்கும்.

யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருந்த பேதுருவைப் பாருங்கள். அவர் கேட்ட சத்தம் அவருக்குப் பிடித்ததைச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தீட்டென்று ஒதுக்கியதைச் சாப்பிடச் சொன்னது. அவர் மறுத்தார், மூன்று முறை அது நடந்தது. அந்த நேரத்தில் அவர் உள்ளத்தில் சமாதானம் இருந்ததாக எழுதியில்லை, குழப்பம்தான் இருந்தது. பிறகு செசரியாவுக்குப் போய், புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார். எருசலேமில் உள்ளவர்கள் இதைக் கேட்டுக் கடிந்துகொண்டபோது, "கர்த்தர் சொன்னார், கேள்வி கேட்காதீர்கள்" என்று அவர் வாயை அடைக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து விவரித்தார். கூட வந்த ஆறு சகோதரரையும் சாட்சியாகக் காட்டினார். நம் வீட்டு ஜெபத்தில் அந்த ஆறு பேர் யார்? மாமாவும் சித்தப்பாவும்தான், அவர்களும் அதே சாதி.

1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும், முடிவெடுக்கும் முன் எந்தப் பக்கமும் சாயாத மனநிலைக்கு வரச் சொல்கிறார். ஒரு பக்கத்தை முன்பே மூடி வைத்துவிட்டால் அந்த மனநிலை எப்படி வரும்?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரே பாடகர் குழுவில் பாடுகிற பையனும் பெண்ணும், சாதி வேறாக இருந்து, ஆயரிடம் போனால் அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனையும் இதுதான்: பொறுமையாய்க் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு அநேகமாக, பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகும் வரைதான் நீள்கிறது. காத்திருக்கச் சொல்ல வேண்டியது பெற்றோரிடம். அவர்களை எதிரே உட்காரவைத்து, "இந்தப் பையனைக் குறித்து நீங்கள் ஒரு நாளாவது கர்த்தரிடம் கேட்டீர்களா?" என்று ஆயர்கள் கேட்கத் தொடங்கட்டும். அதன்பிறகு காத்திருத்தலைப் பற்றிப் பிரசங்கிக்கட்டும்.