வடக்கத்திக்காரனும் 18-வது பிரிவும்

ஓசூர் டீக்கடைகளில் ஒரே புலம்பல்: "வடக்கத்திக்காரங்க வந்து நம்ம பசங்க வேலையைப் பிடிச்சுக்கிட்டாங்க." டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் என்று 2022-ல் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னது இதற்கு நல்ல தீனி.

சரி, 2024 ஜூலையில் என்ன ஆச்சு? தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பொறுப்பு அல்லாத வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்ற மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் (உடனே நிறுத்தியும் வைத்தார்கள்) அதே வாய்கள் "அநியாயம்" என்றன. தினமும் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கு பஸ் ஏறுகிற நம்மாளுங்க அங்கே யாராம்?

கோபம் நியாயம்தான், நிரந்தர வேலை அரிதாகிவிட்டது. ஆனால் அதை அரிதாக்கியது ஜார்க்கண்ட் பெண் இல்லை. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவைப் படியுங்கள்: அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. லைனில் நின்று அதே வேலையைச் செய்தாலும் அப்படித்தான். இந்தப் பிரிவை ஒருத்தர்கூடத் திட்டி நான் கேட்டதில்லை.