சிவப்பு ஸ்டிக்கரும் செவிலியர் கையும்

கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறார். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது. ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் அடுத்த கேள்வி: “தலை வலிக்குதாம்மா? கண்ணு மங்கலா தெரியுதா?”

வலிப்பு வருமுன் ஆபத்தைப் பிடிக்கும் கேள்விகள் அவை.

2016 முதல் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. சிக்கலான கர்ப்பம் என்றால் தாய்-சேய் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருப்பது, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை எல்லாம் அதில் அடக்கம்.

ஸ்டிக்கரைப் பார்த்துப் பயப்படும் பெண்ணுக்குத் தைரியம் சொல்லி, தயங்கும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசுகிறாரே செவிலியர், அந்தப் பக்குவம் பெரிய கலை. எந்த மருத்துவமனை, துணைக்கு யார், 108 ஆம்புலன்ஸை அழைப்பது யார் என்பதெல்லாம் வலி எடுப்பதற்கு வாரங்கள் முன்பே முடிவாகிவிடுகின்றன.